அம்மா ‘போதும்’ என்கிறார், அண்ணன் ‘பாவம்’ என்கிறார்: நான் யார் பக்கம் நிற்பது?

பெயரையும் நாட்டையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய அம்மாவுக்கு 71 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் இயக்க நரம்பணு நோய், அதாவது ஏ.எல்.எஸ். என்று கண்டுபிடித்தார்கள். இப்போது கைகள் ஓய்ந்துவிட்டன, பேச்சு குழறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. அறிவு மட்டும் தெளிவாக இருக்கிறது. மூச்சுக் கருவி, உணவுக் குழாய் இரண்டைப் பற்றியும் விரைவில் முடிவெடுக்க வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் ஓர் இரவு அம்மா மகளிடம், “போதும்டி, என்னை அனுப்பி வச்சிரு” என்றிருக்கிறார்.

அதிலிருந்து வீட்டில் சண்டை. அம்மா சைவத்தில் ஊறியவர். அண்ணன் திருமணத்துக்குப் பிறகு கத்தோலிக்கரானவர். கருவியை மறுப்பதும் கொலைதான், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். காலம் முடியாமல் போகிற உயிர் அலையும், வினையைக் கழித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது தாய்மாமாவின் கட்சி. கல்லூரியில் படிக்கும் மகளோ, உலகம் மாறிவிட்டது, விரும்பி உயிர்விடச் சட்டம் இடம் தரும் சுவிட்சர்லாந்துக்குப் பாட்டியை அழைத்துப் போகலாம், நம் முன்னோர்களே வடக்கிருந்து உயிர்விட்டவர்கள்தானே என்று கேட்கிறாள். வாசகியின் கேள்விகள்: “இது பாவமா, டாக்டர்? மதங்கள் உண்மையிலேயே மாறிவிட்டனவா? மார்பின் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்கிறார்கள், பேசாமல் அதையே கேட்டு வாங்கிவிடலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணன் சொன்னது ஒரு பக்கம், மாமா சொன்னது முக்கால் பக்கம், மகள் இணையத்தில் தேடி எடுத்தது இரண்டு பக்கம். அம்மா சொன்னது நான்கே சொற்கள். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. “அப்படியெல்லாம் பேசாதம்மா” என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. என் பாட்டியிடம் நானும் அதையேதான் சொன்னேன். அப்போது நான் மருத்துவம் படித்து முடித்திருந்தேன்.

அந்த நான்கு சொற்களுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், வீட்டில் நடக்கும் சண்டை எதைப் பற்றியது என்று கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

‘கருணைக் கொலை’ என்ற சொல்லின் சிக்கல்

தமிழில் இந்த விஷயத்துக்கு நமக்குக் கிடைத்த சொல்லிலேயே ‘கொலை’ இருக்கிறது. பேச்சைத் தொடங்கும்போதே தீர்ப்பும் வந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் உங்கள் குடும்பத்தார் ஆளுக்கொரு காரியத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அண்ணன் பேசுவது, ஒரு நோயாளி தனக்கு வேண்டாத சிகிச்சையை மறுப்பதைப் பற்றி. மருத்துவ நெறியில் அது கருணைக் கொலையில் சேராது. மூச்சுக் கருவி வேண்டாம் என்றால் நோய் தன் போக்கில் போகும், உயிரை எடுப்பது நோய்தான். உங்கள் மகள் பேசுவது, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தை நோயாளி தானே எடுத்துக்கொண்டு உயிர் விடுவதை. மருத்துவரே ஊசி போடுவது மூன்றாவது. அதைச் சில நாடுகள் மட்டும் அனுமதிக்கின்றன. இவற்றோடு, வலியையும் மூச்சுத் திணறலையும் மருந்தால் தணிப்பதையும் பலர் போட்டுக் குழப்புகிறார்கள். அது சாதாரண மருத்துவம், நான் தினமும் செய்யும் வேலை.

உங்கள் அம்மா இந்த நான்கில் எதைக் கேட்டார்? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவரை யாரும் இன்னும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு அவருடைய திருச்சபையே பதில் சொல்லியிருக்கிறது

நம்பிக்கையைக் கேலி செய்யாமல் அண்ணனிடம் பேச வழி இருக்கிறது. 1957இல் மயக்க மருந்து மருத்துவர்கள் சிலர் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸிடம் மூச்சுக் கருவிகள் பற்றிக் கேட்டார்கள். அந்தக் கருவிகள் அப்போது புதிது. சாதாரண வழிகளால் உயிரைக் காப்பது கடமை. நோயாளிக்குப் பெரும் சுமையாகிற அசாதாரண வழிகளைக் கைக்கொள்ள வேண்டிய கட்டாயம் கிடையாது என்பதுதான் அவருடைய பதிலின் சாரம். கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், பலனுக்குப் பொருந்தாத சுமையான சிகிச்சையை நிறுத்துவது முறையாக இருக்கலாம் என்கிறது. அங்கே மரணத்தை வரவழைக்கும் நோக்கம் இல்லை, அதைத் தடுக்க முடியவில்லை என்று ஏற்றுக்கொள்வது மட்டுமே இருக்கிறது என்று விளக்கமும் தருகிறது. அதே திருச்சபை 2020இல் வெளியிட்ட ஆவணத்தில், மருந்து கொடுத்து உயிரை முடிப்பதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது என்று மறுபடியும் உறுதியாகச் சொன்னது. ஆக, சுவிட்சர்லாந்து விஷயத்தில் அண்ணன் தம் சமயத்தைச் சரியாகத்தான் புரிந்திருக்கிறார். மூச்சுக் கருவி விஷயத்தில் திருச்சபையைவிடவும் கடுமையாக இருக்கிறார். அவருடைய பங்குத்தந்தையிடமே போய்க் கேட்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட அண்ணன்கள் திரும்பி வரும்போது முகம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

மற்றச் சமயங்களிலும் கோடு ஏறக்குறைய இதே இடத்தில்தான் விழுகிறது. 1981இல் குவைத்தில் உருவான இஸ்லாமிய மருத்துவ நெறிமுறை, உயிரை முடிக்க மருத்துவர் எதையும் செய்யக்கூடாது என்கிறது. அதே மூச்சில், அவர் காக்க வேண்டியது வாழ்வைத்தானே தவிர, சாகிற வேளையை இழுத்தடிப்பதை அல்ல என்றும் சொல்கிறது. யூதச் சமய நூல் ஒன்றில் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. சாகக் கிடக்கும் ஒருவரின் வீட்டருகே யாரோ விறகு பிளக்கிறார்கள், அந்தச் சத்தம் உயிரைப் பிரியவிடாமல் தடுக்கிறது. அப்படியானால் சத்தத்தை நிறுத்தலாம், ஆளைத் தொட்டு அவசரப்படுத்தக் கூடாது. ‘உயிர் இழுத்துக்கிட்டுக் கிடக்கு’ என்று சொல்கிற நமக்கு இது சட்டென்று புரியும். இஸ்ரேலில் 2005இல் சட்டம் எழுதியபோது இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு வழி கண்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மூச்சுக் கருவியை நிறுத்தக் கூடாது, ஆனால் கருவியில் நேரக் கடிகாரம் பொருத்தினால், அது தானே நின்ற பிறகு மறுபடி ஓடவிடாமல் இருக்கலாம். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கோ அதில் நம்பிக்கையையும் விடாமல் நோயாளியையும் விடாமல் தவித்தவர்களின் நேர்மைதான் தெரிகிறது.

தாய்மாமாவின் வாதமும் வடக்கிருத்தலும்

நான் சமய அறிஞன் இல்லை. ஆனாலும் மாமாவின் வாதத்தில் எனக்கு ஒன்று இடிக்கிறது. காலம் முடியாமல் போகக் கூடாது என்கிறார், சரி. இந்த நோயில் கருவி இல்லாமல் மூச்சு ஓயும் நாள் காலமா, தொண்டையில் துளையிட்டுக் கருவி பொருத்தி, பல ஆண்டு கழித்து யாராவது அதை நிறுத்தும் நாள் காலமா? வினை என்பதை இரு பக்கமும் இழுக்கலாம். ‘அனாயாசேன மரணம்’, துன்பமில்லாத இறப்பு வேண்டும் என்று தினமும் கேட்கும் பிரார்த்தனை அவர் மரபில்தானே இருக்கிறது?

சைவ வழியிலேயே ஓர் அண்மைக்கால நிகழ்வையும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் மரபில் வந்து, ஹவாய்த் தீவில் மடம் நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி, 2001இல் குடல் புற்றுநோய் முற்றிய நிலையில் உணவை நிறுத்தி, பிராயோபவேசம் என்னும் பழைய முறைப்படி உயிர் துறந்தார். இந்தியாவில் வினோபா பாவே 1982இல் மருந்தும் உணவும் மறுத்துப் போனார். உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சமணர்களின் சல்லேகனையை 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தற்கொலை என்று தடுத்தது. அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இதையெல்லாம் உங்கள் அம்மா பின்பற்ற வேண்டிய வழியாகச் சொல்லவில்லை. மருத்துவக் கவனிப்பில்லாமல் வீட்டில் உணவை நிறுத்துவது கொடுமையாக முடியலாம். ‘நம் சமயத்தில் இதற்கு இடமே இல்லை’ என்ற வார்த்தை மட்டும் சரியில்லை என்று காட்டவே எழுதுகிறேன்.

மகளுக்கும் ஒரு திருத்தம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது நோயால் இல்லை, மகன்கள் தன்மீதே படையெடுத்து வந்த அவமானத்தால். சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். மானம் போனால் உயிர் வேண்டாம் என்பதை இன்றைய நோயாளிக்குப் பொருத்தினால், படுக்கையில் கிடப்பதே மானக்கேடு என்றாகிவிடும். அந்தப் பாதை எங்கே போகும் என்பதற்குத் தலைக்கூத்தல் என்ற சொல்லே சாட்சி. முதியவரின் சம்மதத்தைக் கேட்காமலே, அவருக்கு விடுதலை தருவதாகச் சொல்லிக்கொண்டு முடித்துவைத்த வழக்கம் அது. பண்பாடு ஏற்றுக்கொண்டது என்பதாலேயே ஒன்று இரக்கமாகிவிடாது.

அப்படியானால் என்னதான் மாறியிருக்கிறது?

மகள் சொல்வதில் பாதி உண்மை. பெரிய சமய அமைப்புகளின் அதிகாரபூர்வ நிலை, சில புராட்டஸ்டண்ட் சபைகளைத் தவிர, பெரிதாக மாறவில்லை. நம்புகிறவர்கள் மாறிவிட்டார்கள். கத்தோலிக்க வேர் ஆழமாக உள்ள கியூபெக்கும் ஸ்பெயினும் மருத்துவர் உதவியோடு உயிர்விடுவதை அனுமதிக்கும் சட்டம் கொண்டுவந்தன. கொலம்பியாவில் நீதிமன்றம் 1997லேயே வழிவிட்டது. ஆங்கிலிக்கன் சபையின் முன்னாள் கேன்டர்பரி பேராயர் ஜார்ஜ் கேரி, ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவிட்டு 2014இல் மனம் மாறினார். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, அந்த வாய்ப்பு தனக்கும் வேண்டும் என்று 2016இல் எழுதினார்.

உங்கள் அம்மாவுக்கு உள்ள நோயையே எடுத்துக்கொள்வோம். கனடாவில் சூ ராட்ரிகஸ் என்ற பெண்மணி இதே ஏ.எல்.எஸ். நோயோடு, மருத்துவர் உதவியோடு உயிர்விடுவதற்கு இருந்த தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1993இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். 22 ஆண்டு கழித்து, 2015இல், அதே நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தத் தடையை நீக்கியது. ஈக்வடாரில் 2024இல் வழி திறந்ததும் பாவ்லா ரோல்டான் என்ற ஏ.எல்.எஸ். நோயாளி தொடுத்த வழக்குதான்.

பெற்றோரை எப்பாடுபட்டாவது உயிரோடு வைத்திருப்பதே பிள்ளையின் கடமை என்று நினைத்த கிழக்காசியாவில் நடந்தது எனக்கு இதைவிடச் சுவாரசியம். தென்கொரியாவில் 2018 முதலும், தைவானில் 2019 முதலும், இந்தச் சிகிச்சைகள் எனக்கு வேண்டாம் என்று ஒருவர் நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதிவைப்பதைச் சட்டம் மதிக்கிறது. அங்கே மாறியது சாவைப் பற்றிய கருத்து என்பதைவிடப் பிள்ளையின் கடமை எது என்ற கருத்து. உங்கள் வீட்டுச் சண்டையும் அதே சண்டைதான் என்று படுகிறது.

நான் எந்தப் பக்கம் என்று எல்லோரும் கேட்பார்கள். இத்தனை ஆண்டுத் தொழிலில் என் கருத்து இரண்டு முறை மாறியிருக்கிறது. வலி தணிக்கும் மருத்துவம் எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில், நோயாளி தெளிந்த மனதோடு கேட்டால், மறுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று இன்று நினைக்கிறேன். அது எட்டாத இடத்தில், செலவுக்கும் பிள்ளைகளின் சலிப்புக்கும் அஞ்சி ஒருவர் ‘போதும்’ என்றால், அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளத் தயங்குவேன்.

சுவிட்சர்லாந்தும் சட்டமும்

சுவிட்சர்லாந்தின் தண்டனைச் சட்டம் 1942 முதலே, சுயநல நோக்கத்தோடு தற்கொலைக்கு உதவுவதைத்தான் குற்றமாக்குகிறது. அதனால்தான் வெளிநாட்டவரும் அங்கே போகிறார்கள். ஆனால் கதவைத் தட்டினால் திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மருத்துவர் நோயாளியைப் பார்த்துப் பேசி, முடிவெடுக்கும் தெளிவு இருக்கிறது என்று ஏற்க வேண்டும். கடைசிச் செயலை நோயாளி தானே செய்ய வேண்டும். பயணம் செய்யும் நிலையில் உடல் இருக்க வேண்டும். இதற்காகவே இந்த நோயாளிகள் சிலர், இன்னும் வாழ விருப்பம் இருக்கும்போதே முன்கூட்டிக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கசக்கும் விஷயம் இது.

நாட்டைச் சொல்லாததால் பொதுவாக எழுதுகிறேன். நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா, ஸ்பெயின், நியூசிலாந்து, ஆஸ்திரேலிய மாநிலங்கள், அமெரிக்காவில் ஓரிகன் போன்ற சில மாநிலங்கள் இதை அனுமதிக்கின்றன. பெரும்பாலும் அங்கேயே வசிப்பவர்களுக்குத்தான். மற்ற நாடுகள் பலவற்றில் உதவுவது குற்றம். இங்கிலாந்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டுவரை சிறை உண்டு. இந்தியாவிலும் தற்கொலைக்கு உடந்தையாவது குற்றம். பயணச்சீட்டு எடுத்துக் கொடுப்பதுகூட உங்கள் மகளைச் சிக்கலில் விடலாம். ஓர் அடி எடுத்துவைக்கும் முன் உங்கள் நாட்டு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

சிகிச்சையை மறுக்கும் உரிமை இதைவிடப் பரவலானது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று கண்ணியமான மரணத்துக்கான உரிமையை ஏற்றது. முன்கூட்டியே எழுதும் மருத்துவ உயிலின் நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்தும் போதும். சிங்கப்பூரில் 1996லேயே இதற்கெனச் சட்டம் வந்துவிட்டது. அம்மாவால் கருத்தைத் தெரிவிக்க முடிகிற இப்போதே எழுதிவிடுவது நல்லது. எழுத்தில் இருந்தால், நாளை அவசரப் பிரிவில் நின்றுகொண்டு அண்ணனும் நீங்களும் சண்டை போட வேண்டியிருக்காது.

மார்பின்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மூச்சுத் திணறலுக்குத் தரும் சிறிய அளவு மார்பின், சரியாகக் கொடுத்தால், உயிரைச் சீக்கிரம் முடிக்காது. அது உயிரை எடுக்கும் என்று நம்பி வாங்க நினைக்கிறீர்கள்; அதே நம்பிக்கையால் வேறு குடும்பங்கள் அதை மறுத்துவிடுகின்றன. இரண்டிலும் நோயாளிக்குத்தான் நஷ்டம். நீங்களாக அளவைக் கூட்டிக் கொடுக்க நினைத்தால் அது வேறு கதை, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஏ.எல்.எஸ். நோயாளிகள் மூச்சுத் திணறித் துடித்துச் சாவார்கள் என்ற பயம் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறது. நல்ல கவனிப்பு இருந்தால் பெரும்பாலானவர்கள் அப்படிப் போவதில்லை. இரத்தத்தில் கரியமில வாயு கூடக்கூட உறக்கம் ஆழமாகி, உறக்கத்திலேயே போய்விடுகிறார்கள். இதை அம்மாவிடம் யாராவது சொன்னார்களா?

அந்த நான்கு சொற்கள்

அம்மா அதைச் சொன்னது இரவில். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காலையில் தலைவலியோடு எழுகிறாரா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா என்று கவனியுங்கள். இரவில் மூச்சுத் தசைகள் ஓய்ந்து, தூக்கம் கெட்டுப்போன ஒருவர் ‘போதும்’ என்று சொல்வதில், வாழ்க்கை போதும் என்பது எவ்வளவு, இந்த இரவு போதும் என்பது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். முகமூடி வழியாகக் காற்றுத் தரும் கருவி பலருக்குத் தூக்கத்தைத் திருப்பித் தருகிறது, மாதங்களையும் கூட்டுகிறது. விழுங்குவதும் பேச்சும் மிகவும் கெட்டவர்களுக்குப் பழகச் சற்றுச் சிரமம், முயன்று பார்க்கலாம். தொண்டையில் துளையிட்டுப் பொருத்தும் கருவி வேறு, இது வேறு. முகமூடியை ஏற்றால் மற்றதையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்று தோன்றும் நாளில், தேவையான மருந்துகளோடு, மருத்துவர் உடனிருக்க அதைக் கழற்றவும் முடியும்.

மனச்சோர்வும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அதற்கு மருந்து உண்டு. ஓரிகனில் மருந்து எடுத்து உயிர்விடும் வழியைக் கேட்பவர்கள் சொல்லும் காரணங்களில் வலி முதலில் வருவதில்லை. தன் வாழ்க்கை தன் கையில் இல்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, கண்ணியம் போகிறது என்பவைதான் ஆண்டுதோறும் முன்னே நிற்கின்றன. மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் கணிசமானவர்கள் அதைப் பயன்படுத்தாமலே நோயால் இறக்கிறார்கள். வழி ஒன்று இருக்கிறது என்ற தெம்பே போதுமாக இருந்திருக்கிறது.

ஆகவே அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். பகலில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், டிவியை அணைத்துவிட்டு. “அன்னைக்கு ராத்திரி போதும்னு சொன்னியேம்மா, எது போதும்?” என்று கேட்டால் போதும். பேச்சு குழறினால் எழுத்துப் பலகையைக் காட்டி, கண் அசைவால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். எது பயமாக இருக்கிறது, எதைப் பார்த்துவிட்டுப் போக ஆசை, யாருக்குப் பாரம் என்று நினைக்கிறார் என்பதெல்லாம் அதிலிருந்து வரும். வேண்டாம் என்றுதான் சொல்கிறார் என்றால், அவருடைய ‘வேண்டாம்’ உங்கள் எல்லோருடைய கருத்துக்கும் மேலே.

அவசரமான ஒன்று உண்டு. உணவுக் குழாய் வேண்டும் என்று அம்மா முடிவு செய்தால், மூச்சுத் திறன் மிகவும் குறைவதற்கு முன் வைத்துவிட வேண்டும். தள்ளிப்போடப் போட ஆபத்து கூடும். அதனால் அடுத்த மருத்துவச் சந்திப்பை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பாலியேட்டிவ் மருத்துவரும் அன்று உடனிருக்க முடியுமா என்று கேளுங்கள். அண்ணனையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் முதலில் அம்மா பேசட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.